களத்துமேட்டில் அளந்த கோயில் பங்கு

மதுராந்தகம் ஏரிகாத்த ராமரைச் சேவித்தவர்கள் பிளேஸ் துரையின் கதையை அறிவர். பெருமழையில் ஏரி உடையுமோ என்று அஞ்சிய இரவில், வில்லும் அம்புமாய்க் கரைமீது நின்ற இருவரைக் கண்டு அவர் மண்டியிட்டார் என்பது தலவரலாறு. தாயார் சந்நிதித் திருப்பணியில் அவர் பெயர் இன்றும் விளங்குகிறது. அந்த லயனல் பிளேஸ் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டர்; வரி வசூலிக்க வந்தவர் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

ஆற்காட்டு நவாப் அச்சீமையைக் கும்பினிக்கு அளித்தது 1763-இல். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பவர் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அக்கணக்குகளில் ஒரு செய்தி நெஞ்சைத் தொடுகிறது. களத்தில் நெல் குவிந்ததும், அரசும் உழவரும் தத்தம் பங்கைப் பிரித்துக்கொள்ளுமுன் கோயிலுக்கு ஒரு பங்கு, ஏரிக்கு ஒரு பங்கு, கணக்கர், தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், பஞ்சாங்கம் சொல்பவர் எனத் தனித்தனியே அளந்துவிடுவர். மேரை, சுதந்திரம் என்பன அதன் பெயர்கள். சுவாமியின் நைவேத்தியமும் ஏரிக்கரை மண்ணும் ஒரே மரக்காலால் அளக்கப்பட்டன! பங்கு பெற்றோர் எல்லோரும் கோயிலுக்குள் நுழைய இயலவில்லை என்ற குறையையும் மறைக்கலாகாது.

கும்பினியாருக்கு இவையெல்லாம் வருவாயில் விழுந்த ஓட்டையாகவே தோன்றின. பிறகு மன்றோவின் ரயத்துவாரி முறை வந்தது. ஊரோடு பேசிய அரசு, ஒவ்வொரு பட்டாதாரரோடும் தனித்தனியே பணக்கணக்குப் பேசலாயிற்று. 1817-ஆம் ஆண்டுச் சட்டம் கோயில் அறக்கட்டளைகளை ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது; 1863-இல் அவை கமிட்டிகளிடம் விடப்பட்டன. 1925-இல் மீண்டும் வேறொரு சட்டம்.

அரசு எடுத்துக்கொண்ட கோயில் நிலங்களுக்கு ஈடாகத் தஸ்திக் என்னும் தொகை தரப்பட்டது. நெல்லாய் அளந்திருந்தால் விலைவாசியோடு அதன் மதிப்பும் ஏறியிருக்கும். ரூபாயில் நிலைத்த தொகையோ அப்படியே நின்றது. ஒருகாலத்தில் ஆண்டு முழுதும் விளக்கெரித்த பணம், பின்னாளில் சில நாள் எண்ணெய்க்கும் போதாமற்போயிற்று. எத்தனையோ சிற்றூர்ச் சிவாலயங்கள் ஒருகால பூஜைக்கே தவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பக்தி குறைந்ததென்று ஊராரை மட்டும் பழித்தல் நியாயமன்று.

வீட்டில் பழைய கிரயப் பத்திரங்கள் இருப்பின், எல்லை குறிக்குமிடத்தைப் படித்துப் பாருங்கள். கோயில் மானியத்துக்கு மேற்கு, தச்சன் மானியத்துக்கு வடக்கு என்று எழுதியிருக்கக்கூடும்.