நோவா தானுந்துப் பெயர்க் கதை

நோவா தானுந்துப் பெயர்க் கதை என்பது, ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960களிலும் 1970களிலும் தயாரித்த செவ்ரோலே நோவா என்னும் தானுந்து, எசுப்பானிய மொழி பேசும் நாடுகளில் தன் பெயராலேயே விற்பனையாகாமல் போனதாகக் கூறப்படும் கதையாகும். சந்தைப்படுத்தல் நூல்களில் இது பெயரிடலில் நேரும் பிழைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவதுண்டு. எனினும் இக்கதை உண்மையன்று.

பெயரும் பொருளும்

இலத்தீன் மொழியில் நோவா என்பது "புதிய" எனப் பொருள்படும். எசுப்பானியத்தில் "நோ வா" எனப் பிரித்தால் "போகாது" எனப் பொருள் தரும். ஆனால் ஒரே சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையிலும், பிரிந்து வரும்போது இறுதி அசையிலும் விழுகிறது. பலகை என்னும் சொல்லைக் கேட்கும் தமிழர் பல கைகளை நினைப்பதில்லை, இதுவும் அத்தகையதே.

விற்பனை

மெக்சிக்கோ, வெனிசுவேலா ஆகிய நாடுகளில் நோவா நன்கு விற்பனையானது. அதன் பெயரும் மாற்றப்படவில்லை. மெக்சிக்கோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்சு, தன் பெட்ரோல் வகை ஒன்றை நோவா என்ற பெயரிலேயே விற்றது.

உண்மையான எடுத்துக்காட்டு

சப்பானின் மிட்சுபிசி நிறுவனம் 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த பஜேரோ, தென் அமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் அறிவியற் பெயரைத் தழுவிப் பெயரிடப்பட்டது. எசுப்பானியப் பேச்சு வழக்கில் இச்சொல் பிரிக்கப்படாமலேயே ஆபாசமான வசைச்சொல்லாகும். ஆதலால் எசுப்பானியாவிலும் இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் இவ்வண்டி மொன்டேரோ என்னும் பெயரில் விற்கப்பட்டது.