குடும்ப நீதிமன்றத்தில் முதல் வாய்தாவா? போகும் முன் ஃபைலில் என்னென்ன இருக்கணும்?

"இன்னைக்கே முடிஞ்சிடுமா சார்?" குடும்ப நீதிமன்ற வராண்டாவில் முதன்முறையாக நிற்பவர்கள் தங்கள் வழக்கறிஞரிடம் கேட்கும் கேள்வி இது. முடியாது. முதல் வாய்தாவில் பெரும்பாலும் டவாலி பேரைக் கூப்பிடுவார், இரு தரப்பும் வந்திருக்கிறார்களா என்று நீதிபதி பார்ப்பார், அடுத்த தேதி கிடைக்கும். அல்லது கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். சமரசத்துக்கு முயற்சி எடுப்பதை நீதிமன்றத்தின் கடமையாகவே 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் வைத்திருக்கிறது. இந்தச் சில நிமிடங்களுக்காகக் காத்திருப்பது சில மணி நேரம் ஆகலாம் என்பதால், பெர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வருவது சரிப்படாது. முழு நாள் லீவு போடுவதே நல்லது.

'சும்மா பேர் கூப்பிடத்தானே, போகாட்டி என்ன?' என்று இருந்துவிட்டால்தான் சிக்கல். நோட்டீஸ் கிடைத்தும் வராதவருக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்ச உத்தரவு வரலாம். அதை ரத்து செய்ய தனியாக மனு போட்டு, வராததற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும்.

நோட்டீஸ், ஆதார், திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழ். இவற்றை வீட்டில் தேடினால் கிடைத்துவிடும். பதிவு செய்யாத திருமணம் என்றால் பத்திரிகையும் கல்யாண போட்டோவும் கைகொடுக்கும். பலர் தடுமாறுவது வரவு செலவுக் கணக்கில்தான்.

ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' வழக்கில் 2020 நவம்பர் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் 4 வாரம் அவகாசம். சம்பளத்தைக் குறைத்துச் சொல்லலாமா என்ற ஆசை வரும், வேண்டாம். ஃபார்ம் 16-ல் ஒன்று, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒன்று, கிரெடிட் கார்டு பில்லில் வேறொன்று என்று இருந்தால் குறுக்கு விசாரணையில் மாட்டுவது அங்கேதான். பொய்ப் பிரமாணம் என்று தெரிந்தால் தனி நடவடிக்கையும் உண்டு.

வேலைக்குப் போகும் மனைவிக்கும் இதே விதிதான். தன் சம்பளத்தை அவர் மறைக்கத் தேவையே இல்லை. சம்பாதிப்பதாலேயே ஜீவனாம்சம் கிடையாது என்று ஆகிவிடாது என அதே தீர்ப்பு சொல்கிறது. வழக்கு எத்தனை வாய்தா இழுத்தாலும், மனு போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதனால் ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வாடகை ஒப்பந்தம், மருந்து பில் எதையும் தூக்கிப் போடாமல் மாதவாரியாக அடுக்கி வைப்பது பின்னால் உதவும்.

வாட்ஸ்அப் சாட்? ஸ்கிரீன்ஷாட்டை பிரின்ட் போட்டு நீட்டினால் மட்டும் போதாது. மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தச் சாட் இருக்கும் பழைய போனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள்!

பேப்பர் தயார். ஆள்? எதிரே வராண்டாவில், ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்தவர் நிற்பார், கூடவே அவரது சித்தப்பாவும் மாமாவும். அங்கே வாக்குவாதம் வேண்டாம். துணைக்கு நிதானமான ஒருவர் போதும். திருமணம், பிரிந்த நாள், குழந்தை யாரிடம் இருக்கிறது என்பதை ஒரே தாளில் தேதிவாரியாக எழுதி வைத்தால், நீதிபதி திடீரென்று கேட்கும்போது வாய் குழறாது. எல்லார் முன்னாலும் பேசத் தயக்கமா? ஒரு தரப்பு கேட்டாலே மூடிய அறையில் விசாரணை நடத்த வேண்டும்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லாவிட்டால் 15100-க்கு போன் செய்து சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. வெளியே வந்ததும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டு வைத்துவிட்டால், அடுத்த வாய்தா தேதிக்காக யாரையும் நச்சரிக்க வேண்டியதில்லை.