உப்புக் கரிக்கும் வியர்வையும் நெஞ்சில் தங்கும் கிருமியும்



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் குழந்தைகளின் நெஞ்சுச் சளி அடிக்கடி இடம்பெறுகிறது. பெரும்பாலும் அது சில நாட்களில் சரியாகிவிடும் சாதாரணச் சளிதான். ஆனால் சில குழந்தைகளுக்கு நிமோனியா திரும்பத் திரும்ப வரும். எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறாது. அப்போது வீட்டில் முதலில் பழி சுமப்பவர் தாய்தான். "பனியில் தூக்கிக்கொண்டு போயிருப்பாள், குளிர்ந்த தண்ணீர் கொடுத்திருப்பாள்" என்பார்கள். அப்படிச் சொல்லும் முன் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1938இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர், இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து இதைத் தனி நோயாக விவரித்தார். 1948இல் அந்நகரில் கடும் வெயில் அடித்தபோது, இந்நோயுள்ள குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாகச் சோர்ந்து விழுந்தார்கள். காரணத்தைத் தேடிய சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர், அவர்களுடைய வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று கண்டுபிடித்தார். இன்றும் இந்நோயைக் கண்டறிய முதலில் செய்வது வியர்வைப் பரிசோதனைதான். ஊசி குத்தாமல், கையில் வியர்க்கச் செய்து அதன் உப்பை அளப்பார்கள்.

உப்பு ஏன் கூடுகிறது? 1989இல் கனடாவின் டொரான்டோவிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது நம் 7ஆவது குரோமோசோமில் இருக்கிறது. செல்லின் சுவரில் உப்பு போய்வர ஒரு கதவை அமைப்பது அதன் வேலை. கதவு பழுதானால் நுரையீரலின் உட்சுவரில் ஈரம் குறைந்து, சளி பிசின்போல் கெட்டியாகிவிடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடாவிட்டால் சேறு படிவதைப் போலத்தான். கணையத்திலும் இதே அடைப்பு ஏற்படுவதால் சாப்பிட்ட கொழுப்பு செரிக்காது. மலம் எண்ணெய்ப் பசையோடு போகும்.

அந்தச் சேற்றில் குடியேறும் கிருமிகளில் முக்கியமானது சூடோமோனாஸ் ஏருஜினோசா. மண்ணிலும் தண்ணீரிலும் சிங்க் குழாயின் ஈரத்திலும் இது சாதாரணமாக இருக்கிறது. நல்ல நுரையீரல் இதை வெளியே தள்ளிவிடும். 2000ஆம் ஆண்டில் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. அதில் சுமார் 63 லட்சம் எழுத்துகளும் 5,570 மரபணுக்களும் இருந்தன. எந்த இடத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ள இந்தக் கிருமியிடம் ஏராளமான வழிகள் உண்டு என்பது அப்போது தெளிவானது.

2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நோயாளியிடம் 6 மாதக் குழந்தையாக இருந்தபோது எடுத்த கிருமியையும் 8 வயதில் எடுத்த கிருமியையும் ஒப்பிட்டார்கள். கிருமியின் மரபணுக்களில் 68 மாற்றங்கள் ஏற்பட்டிருந்தன. இந்த மாற்றங்கள் தற்செயலாக வருபவை. ஆனால் நுரையீரலில் பிழைக்க உதவும் மாற்றம் எதற்கு வாய்த்ததோ அந்தக் கிருமியே பெருகும். மியூக் ஏ என்ற மரபணு பழுதான கிருமி தன்னைச் சுற்றி வழவழப்பான போர்வை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அதற்குள் மருந்தும் நம் உடலின் எதிர்ப்புச் சக்தியும் எளிதில் எட்டாது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. கிருமி புதிதாக வந்திருக்கும்போதே சளிப் பரிசோதனையில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் விரட்டிவிடலாம். ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் கஷ்டம். இரண்டாவது, டாக்டர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை "இருமல் நின்றுவிட்டது" என்று பாதியில் நிறுத்தக் கூடாது. தாங்கி நின்ற கிருமிகள்தான் மிஞ்சிப் பெருகும்.

இப்போது தாய் மீதான பழிக்கு வருவோம். இந்த நோய் வர, பழுதான மரபணு தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் உள்ளவருக்கு நோய் இருக்காது; தம்மிடம் அது இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்" என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு முறையும் அதே கணக்குதான்.

மாமா மகள், மாமி மகன் என்று சொந்தத்தில் மணக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், பாகிஸ்தான் வம்சாவளியினர் அதிகம் வாழும் இடத்தில் நடந்த பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. பிறவிக் குறைபாடுகளின் வாய்ப்பு பொதுவாக 100க்கு 3 என்றால், இப்படிப்பட்ட சொந்தத் திருமணங்களில் சுமார் 6 என்று அது கூறியது. இரண்டு மடங்கு என்பது உண்மை. 100க்கு 94 பிள்ளைகளுக்கு அக்குறை இல்லை என்பதும் உண்மை. எனவே சொந்தத்தில் மணந்தவர்களை யாரும் குற்றவாளிகளாகப் பார்க்க வேண்டாம். மார்க்கம் இதை அனுமதித்திருக்கிறது, கடமையாக்கவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை இருந்தால், நிச்சயம் பேசும் முன் மரபணு ஆலோசனை பெறுவது புத்திசாலித்தனம்.

இந்நோய் வெள்ளையருக்கு மட்டும் வருவது என்று நம் நாட்டில் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அதனால் டி.பி. என்றும் ஆஸ்துமா என்றும் வைத்தியம் பெற்ற குழந்தைகள் பலர். அடிக்கடி நிமோனியா, ஏறாத எடை, எண்ணெய்ப் பசை மலம், முத்தமிட்டால் உதட்டில் உப்பு என்ற அறிகுறிகள் சேர்ந்து தெரிந்தால், வியர்வைப் பரிசோதனை தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் இந்நோய்க்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

பழுதான கதவையே திறக்க உதவும் மாத்திரை 2012இல் அமெரிக்காவில் வந்தது. 2019இல் இன்னும் பல நோயாளிகளுக்குப் பயன்படும் கூட்டு மருந்தும் வந்தது. விலைதான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது. ஆனாலும் நெஞ்சைத் தட்டிச் சளி எடுக்கும் பயிற்சி, உணவோடு செரிமான மாத்திரை, வெயில் காலத்தில் கூடுதல் உப்பு, வேளை தவறாத மருந்து ஆகியவை நம் கைக்கு எட்டுபவை. இவற்றாலேயே குழந்தைகளின் ஆயுள் நீள்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால் தயங்காமல் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் எக்ஸ்ரேக்களையும் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம். அந்தத் தாயிடம் மட்டும் "நீ என்ன செய்தாய்" என்று கேட்காதீர்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்