பூட்டிய கதவுகள் – 9: ஒரு சாவியும் ஒரு முத்தமும்

சென்ற வாரம் பார்த்த நீலத்தாடிக்காரன் கதை, 1697-இல் பிரான்சில் சார்ல் பெரோ அச்சேற்றியது. புது மனைவியிடம் சாவிக்கொத்தை நீட்டி, எல்லா அறையையும் திற, அந்த ஓர் அறையை மட்டும் திறக்காதே என்று சொல்லிவிட்டு வெளியூர் போகிறான் கணவன். நம் பாட்டிமார் கதைகளிலும் இதே கட்டளை உண்டு. மூன்று திசையிலும் வேட்டையாடு, நாலாவது திசைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்பார்கள். ராஜகுமாரன் எந்தத் திசைக்குப் போவான் என்பது கதை கேட்கும் குழந்தைக்குத் தெரியும். போகாமல் இருந்துவிட்டால் கதையே கிடையாதே!

இந்தப் பழைய பூட்டைச் சினிமாவில் மிக அழகாக மாட்டியவர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். 1946-இல் வெளிவந்த 'நொட்டோரியஸ்' படத்தில் கதைமாந்தர்களுக்கு ஒரு தடை இருக்கிறது, படம் எடுத்தவருக்கும் ஒரு தடை இருந்தது. அவருக்கிருந்த தடையை முதலில் பார்த்துவிடுவோம்.

எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஹாலிவுட் கம்பெனிகள் 1930-இல் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. ஹேஸ் விதிகள் என்று பெயர். அதை எழுதிய இருவரில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியார். நான்கு வருடம் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீன் தலைமையிலான அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம் என்று வந்த பிறகுதான் கெடுபிடி தொடங்கியது. அளவு மீறிய, காமம் தோய்ந்த முத்தம் கூடாது என்றது விதி. எத்தனை நொடி என்று அதில் எழுதியிருக்கவில்லை. மூன்று நொடி என்பது ஸ்டூடியோக்களில் புழங்கிய கணக்கு.

இனி அந்தக் காட்சி. ரியோ டி ஜெனிரோ, கடற்கரையைப் பார்த்த ஒரு மாடி வீட்டின் பால்கனி. இங்கிரிட் பெர்க்மனும் கேரி கிராண்டும் முத்தமிடுகிறார்கள். ஓரிரு நொடியில் உதடுகள் பிரிகின்றன. ராத்திரி சாப்பிட வெளியே போக வேண்டாம், கோழி இருக்கிறது, நானே சமைக்கிறேன் என்கிறாள் அவள். மறுபடி முத்தம். சாப்பிட்டால் பாத்திரம் கழுவ வேண்டுமே என்கிறான். கையாலேயே சாப்பிட்டுவிடலாம் என்கிறாள். இன்னொரு முத்தம். அணைத்த கை விலகாமல் உள்ளே நடந்துபோய் டெலிபோனை எடுக்கிறான். ஹோட்டலில் தனக்கு ஏதாவது தகவல் வந்திருக்கிறதா என்று விசாரிக்கிறான், நடுவே அவள் அவன் காதோரம். பிறகு வாசல்வரை அதே நெருக்கத்தில் நடை. ஏறக்குறைய இரண்டரை நிமிடம் கேமரா அந்த இரண்டு முகங்களை விட்டு அகலாமல் கூடவே போகிறது.

தனித்தனியாக எண்ணினால் எல்லா முத்தமும் கணக்குக்குள் அடங்கும். பிரீன் அலுவலகம் எந்த இடத்தில் கத்தரி வைக்கும்? இப்படி ஒட்டிக்கொண்டே நடந்து நடிப்பது நடிகர்கள் இருவருக்கும் சங்கடமாக இருந்தது என்று ஹிட்ச்காக் பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்னார். அந்த அணைப்புக்குள் பார்வையாளரை மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வதே தன் எண்ணம் என்றும் சொன்னார். நம் படங்களில் இதே நெருக்கடி வந்தபோது இரண்டு பூக்களை உரசவிட்டார்கள். ஹிட்ச்காக் பூவைத் தேடிப் போகவில்லை, முத்தத்தையே துண்டுபோட்டு இடையில் கோழியையும் பாத்திரத்தையும் வைத்தார். அதனால் அந்த இரண்டு பேரும் நமக்குக் குடும்பம் நடத்தப்போகிறவர்களாகத் தெரிகிறார்கள். இடைவெளியே இல்லாத நீண்ட முத்தம் ஒன்றை எடுத்திருந்தால் இதில் பாதி சூடுகூட இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்து, கதைக்குள் இருக்கும் பூட்டு. கிராண்ட் வேலை பார்க்கும் அமெரிக்க உளவுத் துறைக்காகப் பெர்க்மன், பிரேசிலில் பதுங்கியிருக்கும் நாஜிக் கூட்டத்தைச் சேர்ந்த செபாஸ்டியனை மணந்துகொள்கிறாள். வீட்டின் மற்ற சாவிகள் அவள் கைக்கு வருகின்றன, ஒயின் நிலவறையின் சாவி மட்டும் கணவனிடமே இருக்கிறது. நீலத்தாடிக்காரன் வீடேதான். விருந்து நாளன்று கணவனின் வளையத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றிவிடுகிறாள். மாடியின் உச்சியில் தொடங்கும் கேமரா, கூட்டத்தின் தலைக்கு மேலாக இறங்கி இறங்கி வந்து அவளுடைய மூடிய கைக்குள் தெரியும் சாவியில் நிற்கிறது. மேலே ஷாம்பெயின் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. தீர்ந்தால் கணவன் நிலவறைக்கு வந்தாக வேண்டும். கீழே அவளும் கிராண்டும் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டில் தவறி விழுந்து உடைகிறது. உள்ளே ஒயின் இல்லை, கறுப்பு மணல்.

கணவன் வரும் சத்தம் கேட்கிறது. கிராண்ட் சட்டென்று அவளை அணைத்து முத்தமிடுகிறான், கணவன் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. திருமணத்தின் புனிதத்தைக் காக்க வேண்டும் என்று சொன்ன விதிகளின் காலத்தில், மாற்றான் மனைவிக்குத் தரும் முத்தம் இன்னொரு ரகசியத்துக்குத் திரையாகிறது. கணவனும் அப்போதைக்கு ஏமாந்துபோகிறான், ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து.

பாட்டிலில் இருந்தது யுரேனியத் தாது. அது பிடிக்கவில்லையென்றால் வைரமாக மாற்றிக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளரிடம் சொன்னதாக ஹிட்ச்காக்கே கூறியிருக்கிறார். உள்ளே எது இருந்தாலும் நாம் அந்தப் படிக்கட்டில் இறங்கியிருப்போம். நம்மை இழுத்தது சாவி.

இதை வைத்துத் தணிக்கை கலையை வளர்க்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அதே விதிகளில் இனக்கலப்பு உறவுக்கும் தடை இருந்தது. எழுத்தில் அது வெள்ளையர், கறுப்பினத்தவர் உறவைத்தான் சொன்னது. நடைமுறையில் ஆசிய நடிகைகளையும் வெளியே நிறுத்தியது. பெர்ல் பக்கின் 'தி குட் எர்த்' நாவல் 1937-இல் படமானபோது, சீன விவசாயியாக நடித்தவர் வெள்ளை நடிகரான பால் முனி. அவருக்கு மனைவியாக, லாஸ் ஏஞ்சல்ஸில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த, அப்போதே புகழ் பெற்றிருந்த அன்னா மே வாங் நடிக்க வழியில்லாமல் போயிற்று. அவருக்குக் கொடுக்க முன்வந்தது குடும்பத்தைக் கெடுக்கும் ஆசைநாயகியின் வேடம். அவர் மறுத்துவிட்டார். சீன மனைவியாக நடித்த லூயிஸ் ரெய்னருக்கு அந்த வருடத்தின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது.

ஒரு முத்தத்தைத் தடுத்தால் ஹிட்ச்காக் போன்றவர் சுற்றிப் போக வழி கண்டுபிடிப்பார். ஒரு மனுஷியையே தடுத்துவிட்டால் எந்தச் சாமர்த்தியமும் உதவாது. இனக்கலப்புத் தடை 1956-இல்தான் விதிகளிலிருந்து நீங்கியது. அன்னா மே வாங்குக்கு அப்போது 51 வயது.

(தொடரும்)