நத்தைச் சுருளுக்குள் புது மருந்து

உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியதிர்வை நரம்புக்கான குறியாக மாற்றித் தருபவை நுண்ணிய மயிர் செல்கள். மனிதருக்கு இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றின் வேலையைக் காக்ளியர் கருவி ஏற்கிறது. காதின் பின்புறம் மாட்டும் செயலி ஒலியை வாங்கி அனுப்ப, சுருளுக்குள் செருகிய மின்முனைகள் செவிநரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. ஆனால் நரம்பே நலிந்திருந்தால் பேச்சு தெளிவாகக் கேட்காது. மின்முனை நுழைவதால் உண்டாகும் அழற்சி, எஞ்சியிருக்கும் கேள்திறனையும் குறைக்கக்கூடும்.

இவ்விரு குறைகளையும் போக்க அறுவைச் சிகிச்சை நேரமே வாய்ப்பாகிறது. எலும்புக்குள் பொதிந்த காக்ளியாவுக்கு மருந்து எளிதில் போய்ச் சேராது. கருவி பொருத்தும்போதோ அங்கே வழி திறந்திருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் மருந்தை மெல்லக் கசியவிட்டு அழற்சியைத் தணிக்கும் மின்முனைகள் ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் சோதிக்கப்பட்டுள்ளன. 2014இல் சிட்னி ஆய்வாளர்கள், மின்முனையின் துடிப்பைக் கொண்டே நரம்பு வளர்ப்பு மரபணுவைக் கினிப் பன்றிகளின் செல்களுக்குள் செலுத்தினர். நரம்பிழைகள் மீண்டும் வளர்ந்தன. பிரிட்டனில் 2025இல் அனுமதி பெற்ற ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. அதில் 20 பேரில் பாதிப் பேருக்குக் கருவியுடன் நரம்பு முன்னோடிச் செல்களும் செலுத்தப்படும். மீதிப் பேருக்குக் கருவி மட்டும். பொருத்திய கருவியே நரம்பின் மறுமொழியை அளந்து காட்டும் என்பதால் வேறுபாட்டைக் கணிக்கலாம்.

மரபணு மருத்துவம் தனி வழி. ஓட்டோஃபெர்லின் புரதக் குறையால் செவிப்புலன் இழந்த 6 குழந்தைகளுக்கு ஷாங்காயில் அது தரப்பட்டது. 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியதாக 2024 ஜனவரியில் முடிவு வெளியானது. மற்ற மரபணுக் குறைகளுக்கு இது பொருந்தாது.

தமிழகத்தில் அடித்தளம் வலுவானது. மு. கருணாநிதி முதல்வராயிருந்தபோது, 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. பின்வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவைச் சிகிச்சை கிடைக்கிறது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் மருத்துவர் மோகன் காமேஸ்வரன் நிறுவிய மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் முன்னோடி. அடையாறு பால வித்யாலயா 1969 முதல் காது கேளாத சிறு குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிக்கிறது.

புதிய சிகிச்சைகள் நிலைபெறும்வரை கருவியைத் தள்ளிப்போடுவது குழந்தைக்கு இழப்பே. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் முதல் சில ஆண்டுகள்தாம். சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் பரம்பரைச் செவிக்குறை அதிகம். அங்கே பிறந்தவுடன் செவிப் பரிசோதனையும், குறை தெரிந்தால் மரபணுப் பரிசோதனையும் அவசியம். எந்தக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை அந்த முடிவுகளே காட்டும்.