மித்திக் கரையில் தாராவி: எல்லாம் நடை தூரத்தில்!

மித்தி என்றால் இந்தியில் இனிப்பு. பெயர் வைத்த காலத்தில் ஆறு அப்படி இருந்திருக்கும். விஹார், பவாய் ஏரிகளில் நிரம்பி வழியும் நீர், மும்பை நகருக்குள் ஏறத்தாழ 18 கிலோ மீட்டர் ஓடி, மாஹிம் அருகே கடலில் கலக்கிறது. அந்தக் கடைசி வளைவின் தென்கரையில்தான் தாராவி இருக்கிறது. இப்போது ஆற்றங்கரையில் நடப்பவர்கள் மூக்கைப் பிடித்துக் கொள்கிறார்கள்.

தாராவி என்றால் தமிழர் பேட்டை என்று ஊரில் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. இங்கே முதலில் இருந்தவர்கள் கோலி மீனவர்கள். கோலிவாடா இன்றும் இருக்கிறது. ஆனால் கழிமுகம் சாக்கடையான பிறகு அங்கே மீன் பிடித்துப் பிழைக்க வழியில்லை. கும்பார்வாடாவில் சவுராஷ்டிரத்துக் குயவர்கள் சக்கரம் சுற்றுகிறார்கள். உத்தரப்பிரதேசத்துத் தையல்காரர்கள், பீகார் இளைஞர்கள், மராட்டியர்கள், கன்னடர்கள், தெலுங்கர்கள் எல்லாரும் உண்டு. ஒரே சந்தில் ஐந்து மொழிகளில் சண்டை போடலாம்; சமாதானம் மட்டும் பம்பாய் இந்தியில்தான்.

நம்மவர்களை இங்கே கொண்டு வந்தது தோல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் சதுப்பு நிலத்தில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டார்கள். இங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோவில் 1913ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாந்திராவில் இருந்த ஆட்டுத்தொட்டி 1971இல் தேவனாருக்குப் போனதும், தோல் பதனிடும் வேலையும் படிப்படியாக வெளியேறியது. பையும் பெல்ட்டும் தைக்கிற வேலை மட்டும் தங்கிவிட்டது.

இரண்டு ரெயில் பாதை

தாராவியின் பெரிய வசதி எது என்று கேட்டால், ரெயில்வேக்காரன் என்பதால் சொல்லவில்லை, ரெயில்தான். மேற்கே மாஹிமும் மாட்டுங்கா ரோடும் மேற்கு ரெயில்வே. கிழக்கே சயான் மத்திய ரெயில்வே. இரண்டுக்கும் நடந்தே போகலாம். ஆடி மாத மழையில் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளம் மூழ்கினால், தாராவிக்காரர் குடையை விரித்துக் கொண்டு மாஹிமுக்கு நடப்பார். மற்ற பேட்டைக்காரர்கள் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டியதுதான். 2025 மே மாதம் முதல் சுரங்க மெட்ரோவும் தாராவியில் நிற்கிறது. ஆற்றுக்கு அடியிலேயே புகுந்து அக்கரைக்குப் போகிறது. ஆனால் 1912இல் கட்டிய சயான் மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடியபோது பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை.

சயான் ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தான். நள்ளிரவில் பிரசவ வலி கண்டாலும் டாக்சி தேட வேண்டியதில்லை. காமராஜர் பெயரில் பள்ளிக்கூடம் உண்டு. பொங்கலன்று 90 அடி ரோட்டில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பதைப் பார்த்தால், அன்றைக்கு அது மும்பையாகத் தெரியாது.

குறைகளும் உண்டு. குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். டிரம்மில் பிடித்து வைத்துத்தான் நாளை ஓட்ட வேண்டும். கழிப்பறை பெரும்பாலோருக்குப் பொதுதான், காலையில் வரிசை. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி இங்கே முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது, ஊரே பயந்தது இந்த வரிசையை நினைத்துத்தான். வீடு வீடாகச் சோதனை செய்து, கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவி அடக்கினார்கள்.

ஆறு கோபித்தால் என்ன ஆகும் என்பதை 2005 ஜூலை 26 காட்டியது. சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை. மித்தி கரை உடைத்துக் கொண்டது. கரையோரச் சதுப்பை அடைத்துக் கட்டியதால் ஆறு குறுகிப் போனது என்று பிறகு பேசினார்கள். குடிசைக்காரனைத்தான் முதலில் கை காட்டினார்கள். அக்கரையில் பாந்திரா-குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகளும் அதே சதுப்பில்தான் நிற்கின்றன. இக்கரையில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. குப்பை கொட்டிய மேட்டில் மரம் வளர்த்து, 1994இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்.

எந்த மாடி? எந்த வருஷம்?

இப்போது எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, புனரமைப்பு. 2022 நவம்பரில் அதானி குழுமம் டெண்டரை எடுத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம் என்பது அறிவிப்பு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும், மாடி அறைகளில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். முலுண்டு உப்பளம், தேவனார் குப்பைமேடு என்றெல்லாம் பெயர்கள் அடிபடுகின்றன.

350 சதுர அடியும் தனிக் கழிப்பறையும் யாருக்கு வேண்டாம்? ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு மாவு ஊற்றி, ஐந்து மணிக்கு சைக்கிளில் பாத்திரம் கட்டி, ஹாரன் அடித்துக் கொண்டு மாட்டுங்கா வரை இட்லி விற்கும் நம் ஆட்கள் முலுண்டில் இருந்து எப்படி வருவார்கள்? அவர்களில் பலர் இருப்பது மாடி அறையில்தான். முதல் லோக்கலில் இட்லிக் கொப்பரையை ஏற்ற முடியுமா? சீசன் டிக்கெட் செலவு ஒரு பக்கம். வேலையும் வீடும் ஒரே சந்தில் இருந்த வசதி, எத்தனை சதுர அடி கொடுத்தாலும் ஈடாகாது.

ஆகவே காகிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். 1976 கணக்கெடுப்பின்போது கொடுத்த போட்டோ பாஸ், பழைய ரேஷன் கார்டு, மின்சார பில், வாக்காளர் பட்டியல் நகல், எதையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட வேண்டாம். நம்மவர்களுக்குப் பெயரில்தான் சிக்கல். ஊரில் அப்பா பெயர் இன்ஷியல். இங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். ஒரு கார்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். இன்னொன்றில் ஊர்ப் பெயர். மராத்தியில் எழுதும்போது எழுத்து வேறாகிவிடும். ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். கணக்கெடுப்பவர் வாசலுக்கு வரும் முன்பே இதைச் சரிசெய்து கொள்ள வேண்டும். எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஊரில் வையுங்கள். மழைக்காலத்தில் தரைத்தளத்து டிரங்குப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடும்.