தலைமன்னார் வழிப் பயணம்

நெடும்பயணத்தின் இடர், தொலைவைக் காட்டிலும் வழி முறிபடும் இடங்களிலேயே மிகுதி. 1914ஆம் ஆண்டு முதல், கொழும்பில் புகையிரதம் ஏறியவர் தலைமன்னாரில் கப்பலுக்கும் தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதத்துக்கும் மாறிச் சென்னையை அடைந்தார். எதிர்த்திசையில் வந்த தோட்டத் தொழிலாளரோ, நோய்த் தடுப்பின் பொருட்டு மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டனர்.

1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. போரினால் தகர்ந்த தலைமன்னார்ப் பாதையில் 2015ஆம் ஆண்டு புகையிரதம் மீண்டும் ஓடிற்று. கப்பல் மட்டும் மீளவில்லை. ஆகவே, முள்ளிக்குளத்தார் ஒருவர் இராமேசுவரம் செல்ல விமானமோ, வடக்கே காங்கேசன்துறையில் நாகப்பட்டினக் கப்பலோ ஏறிச் சுற்றிச் செல்ல வேண்டும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலோ ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். அச்சிறு இடைவெளி இணைக்கப்படுமாயின், பயணியின் பெருஞ்சுமை குறையும்.